வெட்டுகிற கைக்குச் சங்கத்தில் இடம் வேண்டும்

குமரி மாவட்ட ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

குலசேகரத்திலும் திற்பரப்பிலும் அருமனையிலும் களியலிலும் கடையாலுமூட்டிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மிஞ்சிப்போனால் மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் உங்களில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

இந்த மடலில் விலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதைத்தான் நாம் நாள்தோறும் பேசுகிறோமே. கடையில் ஷீட் போடும்போது பேசுகிறோம், கல்யாண வீட்டில் பேசுகிறோம், சங்கப் பொதுக்குழுவில் அதை மட்டும் பேசிவிட்டு டீ குடித்துக் கலைகிறோம். நான் எழுத நினைத்தது பால் வெட்டாமல் நிற்கும் மரங்களைப் பற்றி. நம் மலையடிவாரத்து ஊர்களில் எந்த ரோட்டில் போனாலும் கண்ணில் படுகின்றன. மரம் நன்றாக இருக்கிறது, பட்டை இருக்கிறது, சிரட்டை கவிழ்ந்து கிடக்கிறது, காடு முழங்காலுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: “வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை.”

விலைதான் காரணம் என்று நெடுநாள் நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் இருந்தது. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்ட நான்காம் தர ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அந்த ஐந்தாண்டுச் சரிவில் எத்தனை பேர் மரத்தைச் சாய்த்துவிட்டு வாழை வைத்தார்கள், எத்தனை பேர் மனையாக விற்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240 ரூபாயைத் தாண்டியதே, அப்போது என்ன நடந்தது? மழைக்காலம். மே மாதத்தில் மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டியவர்கள் சிலர்தான். கட்டாதவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டியவர்களிலும் ஆள் கிடைத்தவர்கள்தான் வெட்டினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்த விலை வாசலுக்கு வந்தபோது நம் தோட்டங்களில் பாதிக்கு அதை வாங்கிக்கொள்ளக் கையில்லை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகும் விலையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிக்கொண்டிருப்பது சரியாகாது.

சரக்குக்குத் தேவை இல்லாமலும் இல்லை. 2023-24இல் இந்தியா உற்பத்தி செய்த இயற்கை ரப்பர் ஏறக்குறைய 8.5 லட்சம் டன். பயன்படுத்தியது 14 லட்சம் டன்னுக்கும் மேல். நடுவில் இருக்கும் பள்ளத்தை இறக்குமதிதான் நிரப்புகிறது. இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பருக்கும் அதே வரியைக் கொண்டுவந்தார்கள். வரியை இன்னும் கூட்டச் சொல்லிப் போராடுவது நியாயம்தான், போராடுவோம். ஆனால் உள்நாட்டில் வெட்டக் காத்திருக்கும் மரங்களை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கப்பலை மட்டும் தடுக்கச் சொன்னால் டெல்லியில் நம் பேச்சு எடுபடாது. 2021இல் நான்கு டயர் நிறுவனங்கள் ரப்பர் வாரியத்தோடு சேர்ந்து வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்திலும் 2 லட்சம் ஹெக்டேரில் புதிதாக ரப்பர் நடப் பணம் கொடுக்க முன்வந்தன. நல்ல காரியம். அங்கே நடும் கன்று பால் கொடுக்க ஏழாண்டு ஆகும். இங்கே பால் நிறைந்து நிற்கும் மரத்துக்கு வேண்டியது விடியற்காலையில் ஒரு தலைவிளக்கும் ஒரு கத்தியும், அதைப் பிடிக்கத் தெரிந்த கையும்.

அந்தக் கையை நாம் எப்படி நடத்தியிருக்கிறோம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பால் வெட்டு யாரும் செய்துவிடக்கூடிய கூலிவேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஒட்டுக்கன்றை நட்டு, ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆகும்வரை காத்திருந்து, பிறகுதான் வெட்டுக் குறிக்கிறோம். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து 30 பாகைச் சாய்வில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு அந்தக் கோடு ஓட வேண்டும். பால்குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உட்பகுதியில். ஆகவே ஆழமாகப் போனால்தான் பால். ஆனால் அதற்கும் உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கமே கத்தி நிற்க வேண்டும். கேம்பியத்தில் பட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது கத்தி அதில் ஓடாது. ஒரு மரத்தின் 25 ஆண்டு வருமானம், இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு மனிதரின் மணிக்கட்டு அந்த ஒரு மில்லிமீட்டரை உணர்கிறதா என்பதில் அடங்கியிருக்கிறது. அதுவும் ஒரு மரத்தில் இல்லை, ஒரே காலையில் முந்நூறு மரங்களில். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதால் விடியுமுன்பே போக வேண்டும். பாம்பு இருக்கும். மலையோரத் தோட்டங்களில் யானையும் காட்டுமாடும் நிற்கும்.

இந்தத் திறமைக்கு நாம் கொடுத்தது என்ன? மரக்கணக்குக்குக் கூலி, அல்லது கிடைப்பதில் பாதி. மழை பெய்தால் இரண்டும் இல்லை. இலையுதிர் காலத்தில் ஓய்வு என்றால் அதுவும் சம்பளமில்லாத ஓய்வு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்கே பொருந்தியது. நம் ஒரு ஏக்கரில் வெட்டுபவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் பட்டதே இல்லை. வீடு, மருத்துவம், மகப்பேறு விடுப்பு என்று அது சொன்ன எதுவும் அவர் வாசலுக்கு வந்ததில்லை. நம் மாவட்டத்திலேயே அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கத்தி பிடித்து வாழ்ந்தன. அங்கே குறைந்தபட்சம் தொழிற்சங்கம் உண்டு, கூலிக்காக வேலைநிறுத்தம் செய்ய இடமுண்டு. நம் தோட்டத்தில் வெட்டுபவருக்கு அதுவும் கிடையாது. அவர் யாரிடம் முறையிடுவார்? நம் வாசலில் வந்து நின்று, “அண்ணாச்சி, கொஞ்சம் கூட்டித் தாங்க” என்று கேட்பார். நாம் விலையைக் காட்டி மறுப்போம். அவர் கேட்பதை நிறுத்திவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போவார். அவர் பையன் வளைகுடாவுக்குப் போவான். கத்தி பரணில் ஏறும்.

இப்போது நம் சங்கங்களைப் பார்ப்போம். 1980களின் நடுவில் ரப்பர் வாரியம் இந்த உற்பத்தியாளர் சங்கங்களைத் தொடங்கிவைத்தபோது நோக்கம் தெளிவாக இருந்தது. இந்தியாவில் ரப்பர் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டம். தனியாக நின்றால் உரம் வாங்கவும் முடியாது, ஷீட்டைத் தரம் பிரித்து விற்கவும் முடியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பாலைப் பொதுவில் ஊற்றி, பொதுவில் உறைய வைத்து, பொதுப் புகைக்கூடத்தில் காயவைத்து விற்கலாம் என்ற எண்ணம். நல்ல எண்ணம். எங்கே அது சரியாக நடந்ததோ அங்கே பலனும் கிடைத்தது. ஆனால் விதியைப் பாருங்கள்: உறுப்பினர் என்றால் ரப்பர் பயிரிடுபவர். மரம் உள்ளவர். பாலை மரத்திலிருந்து சிரட்டைக்குக் கொண்டுவருபவருக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. பொதுக்குழுவில் அவருக்கு நாற்காலி இல்லை. ஒத்துழைப்பு என்று நாம் சொன்னதெல்லாம் உடைமையாளர்களுக்கு இடையிலான ஒத்துழைப்பு மட்டும்தான்.

ஒரு தரப்பு வெளியே நிற்கும்போது செய்த ஏற்பாடுகள் ரப்பர் வரலாற்றில் எப்படி முடிந்தன என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1922இல் விலை விழுந்தபோது பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டச்சு ஆட்சியில் இருந்த சுமத்ராவும் போர்னியோவும் அதில் சேரவில்லை. 1925இல் விலை ஏறியது. ஏறிய விலையைப் பார்த்து அந்தத் தீவுகளின் சிறு விவசாயிகள் காடு திருத்தி ரப்பர் நட்டார்கள். கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்கள் இழந்த சந்தையை வெளியே நின்றவர்கள் எடுத்துக்கொள்ள, 1928இல் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த பெருமந்தத்தில் முதல் அடி விழுந்தது யார் மீது? மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் மீது. ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னாளில், 1979இல், உற்பத்தி நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து கையிருப்பு வைத்து விலையை நிலைநிறுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. அது இருபது ஆண்டு தாக்குப்பிடித்தது. ஆசிய நாணய நெருக்கடிக்குப் பின் மலேசியாவும் தாய்லாந்தும் விலகியதும் 1999இல் அதுவும் முடிந்தது. அரசுகள் மேலே உட்கார்ந்து செய்யும் விலை ஒப்பந்தத்தை நாம் காப்பாற்றவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. நம் ஊருக்குள் நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு நம் கையில் இருக்கிறது.

நம் ஊரிலேயே அதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது, அதுவும் நம் மரத்தின் கீழேயே. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது, இலைக்காம்பும் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் மது ஊறுகிறது. மார்த்தாண்டம் தேன் என்று நாடு முழுவதும் பெயர் பெற்றிருப்பது பெரும்பாலும் அந்த மதுதான். தேனீ வளர்ப்பவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. நம் தோட்டங்களில் பெட்டி வைக்கிறார்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் ஊன்றிய பழக்கம் கூட்டுறவுச் சங்கமாக வளர்ந்து, இன்று புவிசார் குறியீடு வரை வந்திருக்கிறது. அவர்கள் சரக்கு ஒரே பெயரில் விற்கிறது. அதே மரத்துக்குச் சொந்தக்காரர்களான நாம் ஆளுக்கு ஒரு கட்டு ஷீட்டைப் பைக்கில் வைத்து ஆளுக்கு ஒரு கடையில் கொண்டுபோய்ப் போடுகிறோம். நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து இதைச் சாதித்திருக்கிறார்கள். வெட்டுபவர்களும் நிலம் இல்லாதவர்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் பால் வெட்டும் ஆண்களையும் பெண்களையும் உறுப்பினராக்க வேண்டும். விதி இடம் தராவிட்டால் விதியைத் திருத்துவோம். அதுவரை துணை உறுப்பினர் என்றாவது வைத்து, நிர்வாகக் குழுவில் இரண்டு இடமாவது கொடுப்போம். வெட்டுபவர்களுக்கென்று குழுக் காப்பீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை என்று ரப்பர் வாரியம் திட்டங்கள் நடத்தி வந்திருக்கிறது. அவற்றுக்குப் படிவம் நிரப்பித் தரும் வேலையைச் சங்கம் எடுத்துக்கொள்ளட்டும். வாரியத்தின் பயிற்சிப் பள்ளிக்கு நம் ஊர்ப் பையன்களையும் பெண்களையும் அனுப்பி, பயிற்சி முடித்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலைக்குச் சங்கம் பொறுப்பேற்கட்டும். தனி விவசாயி ஒருவரால் ஆண்டு முழுவதும் வேலை கொடுக்க முடியாது. ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும்.

எப்படி முடியும் என்று கேட்பீர்கள். வாராந்தர வெட்டை எண்ணிப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் ஒருவரால் இரண்டு தோட்டம்தான் பார்க்க முடியும். வாரம் ஒருமுறை வெட்டி, ரப்பர் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அளவில் பால் ஓட்டத்தைத் தூண்டும் ஈத்திபான் பூசினால், ஒவ்வொரு வெட்டிலும் பால் கூடுதலாக வரும். பட்டைச் செலவு குறையும், மரத்தின் ஆயுள் நீளும். வெட்டுகிற நாள் குறைவதால் கூலிச் செலவும் இறங்கும். ஒரே ஆள் திங்கள் உங்கள் தோட்டம், செவ்வாய் என் தோட்டம், புதன் அடுத்த வீட்டு அக்காவின் தோட்டம் என்று ஆறு சிறுதோட்டங்களைப் பார்த்துவிடலாம். அவருக்கு ஆறு நாளும் வேலை, நமக்கு ஆறு பேருக்கும் ஆள். இந்த முறை வந்து நெடுநாள் ஆகியும் நம் பக்கத்தில் ஏன் பரவவில்லை? முறை கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆறு பேர் உட்கார்ந்து நாள் பிரித்துக்கொள்ளத் தயாராக இல்லை, அவ்வளவுதான். மழைக்கு ஒருநாள் தள்ளிப்போனால் யார் முறை போகும், யார் முறை நிற்கும் என்று சண்டை வரும் என்று பயப்படுகிறோம். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தானே சங்கம்?

இப்படி ஒரு குழு வெட்டத் தொடங்கினால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும். தினமும் பல தோட்டத்துப் பால் ஓர் இடத்தில் சேரும். சேர்ந்தால் பொதுப் புகைக்கூடம் ஓடும். இன்று பல ஊர்களில் அந்தக் கூடங்கள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் போதிய பால் வராததுதான். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் உறைய வைத்து, அடுக்களைப் புகையில் தொங்கவிட்ட ஷீட் தரம் பிரிக்காத சரக்காகவே போகும். ஒரே அளவு நீர் கலந்து, ஒரே அளவு ஃபார்மிக் ஆசிட் விட்டு, மூன்று நான்கு நாள் சீரான சூட்டில் காய்ந்த ஷீட்டுக்குத் தரம் கேட்டு வாங்கலாம். பாலாகவே விற்பவர்களுக்கும் இது பொருந்தும். மெட்ரோலாக் மானியை மிதக்கவிட்டு டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள உலர் ரப்பர், இவ்வளவுதான் என்று வாங்குபவர் சொல்வதை ஒத்துக்கொண்டு வருகிறோம். சங்கத்திடம் பாலை உலர்த்தி எடை பார்க்கும் வசதி இருந்தால் அந்தத் தகராறு தீரும். பாதிப் பங்குக்கு வெட்டுபவருக்கும் நமக்கும் இடையில் இருக்கும் சந்தேகமும் அதோடு தீரும்.

ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் காடழிப்புத் தடைச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர் அங்கே போகக் கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று இடக்குறிப்போடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளித் தள்ளி வைத்தாலும், அங்கே டயர் அனுப்பும் நிறுவனங்கள் இந்தக் குறிப்பைக் கேட்கத்தான் செய்யும். நம் தோட்டங்கள் பெரும்பாலும் தாத்தா காலத்து ரப்பர். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நூறு பேர் சரக்கு கலந்து கிடக்கும் கடையிலிருந்து போகும் ஷீட்டுக்கு யார் தோட்டம் என்று எப்படிக் காட்டுவது? சங்கம் வழியாகப் போனால் காட்டலாம்.

“வெட்டுபவரைச் சங்கத்தில் சேர்த்தால் நாளைக்கே கூலியை உயர்த்தச் சொல்வார்” என்று சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். சொல்வார். சொல்லட்டும். இப்போதும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், வேலையை விட்டுப் போவதன் மூலம். மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டால் பேச முடியும். விலை 240இல் இருக்கும்போது இவ்வளவு, 150இல் இருக்கும்போது இவ்வளவு, மழைநாளில் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள முடியும். பரணில் கத்தியை வைத்துவிட்டுப் போனவரோடு என்ன பேசுவது?

இன்னும் சிலர் அவசரத்துக்கு மரத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைக்காரர் எடுத்த ஆண்டுகளுக்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். இரண்டு பக்கமும் வெட்டு, நாள் தவறாமல் வெட்டு, ஆழ வெட்டு. முடிந்தபின் திரும்பி வருவது பட்டை காய்ந்து பால் வற்றிய மரம். வயதான மரத்தை மறுநடவுக்கு முன் அப்படி வெட்டுவது வேறு. பன்னிரண்டு வயது மரத்தை அப்படிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஆள் இல்லாமல் கிடக்கும் தோட்டங்களைச் சங்கங்களே ஏற்றெடுத்து வெட்டி நடத்துவதை ரப்பர் வாரியம் ஊக்குவிக்கிறது. வெளியூரில் வேலையில் இருப்பவர்கள், கணவரை இழந்து தனியாகத் தோட்டம் பார்க்கும் அம்மாக்கள், இவர்கள் தோட்டங்களைக் குத்தகைக்காரருக்குப் போகவிடாமல் முதலில் சங்கம் எடுக்க வேண்டும்.

நம் மண்ணில் கேரளத்துக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. கேரளத்தை மழைக்காலத்தில் வாட்டும் ஃபைட்டாப்தோரா இலையுதிர் நோய் இங்கே குறைவு. அதனால்தான் குமரி விதையை நாற்றங்கால்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் தன் இனப்பெருக்கத் துணைநிலையத்தைப் பரளியாற்றில் வைத்திருக்கிறது. இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது. அதே காரணத்தால் மழைக்காப்பு நமக்கு இரட்டிப்பு அவசியம். தோட்டத்துக்குத் தோட்டம் தனியாகப் பிளாஸ்டிக்கும் பசையும் வாங்கி, கட்ட ஆள் தேடி அலைவதைவிட, சங்கம் மொத்தமாக வாங்கி, வெட்டும் குழுவே கட்டிவிட்டால் செலவும் குறையும், அவர்களுக்கும் வெட்டுக் குறைவான பங்குனி, சித்திரையில் ஒரு வேலை கிடைக்கும்.

ஆகவே நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுப் பொதுக்குழுவை வழக்கம்போல் மழை முடிந்த பிறகு வைக்காதீர்கள். மாசியில், இலை தளிர்த்து வெட்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில் வையுங்கள். உங்கள் எல்லைக்குள் யார் யார் வெட்டுகிறார்கள், யார் வெட்டிக்கொண்டிருந்து விட்டுவிட்டார்கள் என்று பெயர் எழுதி, வீடு தேடிப் போய் அழையுங்கள். அவர்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டுக் கூட்டம் வையுங்கள். விடியற்காலை எழும் மக்கள், ராத்திரி எட்டு மணிக்கு வைத்தால் வர மாட்டார்கள். முதல் பொருளாக விதித் திருத்தத்தையும், இரண்டாவதாக வாராந்தர வெட்டுக்கு ஆறு ஆறு தோட்டமாகப் பிரிப்பதையும், மூன்றாவதாக மழைக்காப்புக் கொள்முதலையும் வையுங்கள். விலை பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். என் தோட்டத்தை முதல் ஆறில் சேர்த்துக்கொள்ளலாம். கிழமை எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
குலசேகரம் பக்கத்துச் சிறு ரப்பர் விவசாயி ஒருவன்